உவர்க் கிணற்றுக்கு ஒரு மீன்

சம்சுதீன் நானாவை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். யாழ்ப்பாணம் ஐந்துசந்திக்குக் கிட்ட, பாதி ஓடும் பாதி தகரமுமாக இருந்த அவருடைய மீன் கடைக்கு, வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் ஏறி வெயிலில் வெந்துபோய் நான் வந்து சேர்ந்தேன். மனிதர் "வாங்கோ" என்றுகூடச் சொல்லவில்லை. தொட்டிக்குள் கையை விட்டபடியே கேட்டார்.

"எந்தக் கிணறு?"

"என்ன கிணறு?"

"மீன் விடப்போற தண்ணி. எந்த ஊர்க் கிணறு?"

"வல்வெட்டித்துறை."

"போத்தலிலை கொண்டுவந்தனீங்களோ?"

நான் முப்பத்தொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவள். பத்மாசினி ரீச்சர் என்றால் வடமராட்சியில் இன்றைக்கும் சில டொக்டர்மார் எழுந்து நிற்பார்கள். என்னிடம் ஒரு மனிதர், முழங்கை வரை பாசி படிந்த கையோடு, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்கிறார். கடைக்குப் பால் வாங்க வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"எனக்கு ஆறு நியோன் மீன் வேணும். காசு இருக்கு. தாறதெண்டால் தாங்கோ."

"ரண்டு தரம் வாங்கிச் செத்திருக்குமே?"

மூன்று தரம் செத்திருந்தன. அதை அவருக்கு ஏன் சொல்லவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். வந்த பஸ்சிலேயே திரும்பினேன்.

மீன் வளர்க்கும் ஆசை எனக்கு இயற்கையாக வந்ததல்ல. என் கணவர் ஆழ்வாப்பிள்ளை கப்பலில் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்று வந்து நாலு வருடம் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு விடிய எழும்பவில்லை. ஒரே பிள்ளை வித்தியா கனடாவில். வீட்டில் அசைகிற பொருள் நான் மட்டும்தான் என்று ஆனபோது, வித்தியாதான் கண்ணாடித் தொட்டி வாங்கச் சொல்லி அடம்பிடித்தாள். தொட்டியில் கிணற்றுத் தண்ணீரைத்தான் நிரப்பினேன். எங்கள் கிணறு கடற்கரைக் கிணறு; உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். வாயில் வைக்க முடியாது. குடிக்கிற நல்ல தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் லொறியில் வரும். தண்ணீர்க் கான் ஒன்றுக்காக அயலவர்கள் முகம் முறித்துக்கொண்டதை எல்லாம் கண்டவர்கள் நாங்கள். அதை யாராவது மீனுக்கு ஊற்றுவார்களா?

அடுத்த கிழமை போத்தலும் கையுமாகப் போய் நின்றேன். வெட்கத்தைவிட அந்த வெறும் தொட்டி என்னைக் கூடுதலாக அரித்தது.

அவர் மூடியைத் திறந்து, ஒரு மிடறு வாயில் எடுத்து, கண்ணை மூடி வைத்திருந்துவிட்டு வெளியே போய் முருங்கை மரத்தடியில் துப்பினார்.

"கடலுக்கும் கிணத்துக்கும் இடையிலை ஒரு றோட்டுத்தான் இருக்கு. சரியே?"

"ஓம்."

"உந்தத் தண்ணிக்கு என்னட்டை மீன் இல்லை, ரீச்சர். ஒரு மீனும் தரமாட்டன்."

அதற்குப் பிறகுதான் அந்த மனிதரைப் பற்றி விசாரித்தேன். ஊரில் அவருக்குப் பட்டம் 'நாக்கு நானா'. மீன் விற்கிற நேரத்தைவிடத் தண்ணீர் குடிக்கிற நேரம் கூட என்று நக்கலடிப்பார்கள். நீர்வேலியிலிருந்து யாராவது வந்தால், வாழைக்குப் பசளை போட்டு எத்தனை நாள் என்று கேட்பாராம். சண்டிலிப்பாய் ஆள் என்றால், கிணற்றுக்குப் பக்கத்தில் புகையிலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று. கொழும்பிலிருந்து மீன் வந்தால் பதினைந்து நாள் விற்கமாட்டார். தனித் தொட்டியில் விட்டு, செட்டையை விரிக்கிறதா ஒடுக்குகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை தரம் செவுள் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். வாங்குகிறவர் முன்னால் மீன் சாப்பிட்டுக் காட்டவேண்டும். சாப்பிடாத மீனைக் கேட்டு அழுதாலும் கொடுக்கமாட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "எங்கையும் போற யோசனை இருக்கோ?"

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு யாருக்குத்தான் மீன் விற்க முடியும்? பாதிப்பேர் வெளிநாடு போக ஸ்பொன்சருக்கு எழுதிவிட்டு இருக்கிறவர்கள். மிச்சப்பேர் ஏஜென்சிக்காரனைத் தேடுகிறவர்கள். ஒரு மாப்பிள்ளைப் பொடியன் பெரிய அரோவானா மீன் ஒன்றைக் கேட்டு வந்து, அடுத்த மாதம் லண்டன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். "அப்ப லண்டனிலை வாங்குங்கோ தம்பி" என்று அனுப்பிவிட்டாராம்.

மூன்று மாதம் கழித்து, நான் கடையில் எழுதிவைத்துவிட்டு வந்த இலக்கத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ரீச்சர், உங்கடை கிணத்துக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார். வந்து பாருங்கோ."

தனித் தொட்டியில், ஒரு குழாய்த் துண்டுக்குள் அது கிடந்தது. ஒன்றரைச் சாண் நீளம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுக்கம், கடுகு அளவில் கண், கொஞ்சமும் பொருந்தாத அகன்ற வாய், அதில் பல். பார்க்கிறவர் ஒருவரும் ஆசைப்பட்டு வாங்கக்கூடிய முகமில்லை.

"பெட்டியிலை டிராகன் எண்டு எழுதியிருக்கு. உந்தப் பேரிலை பத்துச் சாதி மீன் விக்கிறாங்கள்" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ, என்ன மீன்?"

பரீட்சை வைக்கிறார்! நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "விலாங்குச் சாதி."

அவர் சிரிக்கவில்லை, அதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் அதை மெதுவாக எடுத்து, என் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "அடியைப் பாருங்கோ. நெஞ்சுக்குக் கீழை."

இரண்டு சின்னச் செட்டைகள் ஒன்றாய் ஒட்டி, குட்டிக் கிண்ணிபோல இருந்தன. அதனால் அது கண்ணாடியைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. விலாங்குக்கு அந்த இடத்தில் செட்டையே கிடையாது. உழுவை மீன் இனத்துக்குத்தான் இப்படி. எத்தனை வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன்! கண்ணுக்கு முன்னால் வந்தபோது நீளத்தைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

"உழுவை" என்றேன், மெதுவாக.

"உழுவைதான். ஆனால் எங்கடை களப்பு உழுவை இல்லை, அமெரிக்கப் பக்கத்து ஆத்துவாய் மீன். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கிற இடத்துச் சீவன். டவுனிலை ரண்டு கடையிலை வந்தது. நல்ல தண்ணியிலை விட்டு, வாயைப் பாத்துப்போட்டு, உயிர் மீனைத் தின்னும் எண்டு குட்டி மீன்களைப் போட்டிருக்கினம். அது தின்னாது. வாய்தான் பெரிசு, சேத்தை அள்ளி அரிச்சுத் தின்னுறது. பட்டினியிலை செத்துப்போச்சு."

ஊறவைத்து இடித்த கூனி இறாலைத் தூவினார். மீன் குழாயை விட்டு வந்து, கண் தெரியாத மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைத் தடவுவதுபோல அடியைத் தடவித் தடவி அள்ளியது.

"உங்கடை கிணத்துத் தண்ணி, கிழமைக்கு ஒரு பிடி கல்லுப்பு. அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலை வேறை ஆரின்ரை தண்ணியும் இதுக்குச் சரிவராது, ரீச்சர். இளசு, நல்லாப் பாத்தால் பத்து வருசம் நிக்கும்."

 இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்த கிணறு அது. கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் "எங்கடை தண்ணி வாயிலை வைக்கேலாது பிள்ளை" என்று தலை குனிந்து சொன்ன கிணறு. அதையே தேடி ஒரு சீவன் கடல் தாண்டி வந்திருக்கிறது என்றால் சந்தோசமாக இருக்காதா?

பிறகு அவர் கேட்டார். "எங்கையும் போற யோசனை இருக்கோ?"

அந்த மாதம் ஐந்தாம் திகதிதான் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வித்தியாவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஆறு மாத விசாவுக்குப் போட்டிருந்தோம்.

"நான் எங்கை போறது, நானா. அந்தக் கிணத்தோடைதான் என்ரை சீவியம்."

பொய் சொன்ன பிள்ளைகளின் உள்ளங்கையில் பிரம்பால் போட்டவள் நான். எனக்கு நாக்குத் தடுமாறவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு இது பொய்யில் சேர்த்தி இல்லை. பிளேன் எழும்பும் வரைக்கும் விசா அலுவலைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டோம்; கண்ணூறு பட்டுவிடும். நான் இதை நம்பாதவளாகத்தான் இருந்தேன். ஆனால், முதல் பிள்ளைப்பேற்றுக்குப் போட்டபோது ஆழ்வாப்பிள்ளை சந்தோசத்தில் சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தார். விசா மறுக்கப்பட்டது. பேரனின் முகத்தைப் போனில் மட்டும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இந்த முறை வித்தியா அழுதாள். "அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

மீன் வீட்டுக்கு வந்தது. முதல் கிழமை குழாயை விட்டு வரவில்லை. பிறகு நான் விறாந்தையால் நடந்தால் தலையை நீட்டத் தொடங்கியது. மாலையில் மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, அது கண்ணாடிக்குக் கிட்ட வந்து, நெஞ்சுக் கிண்ணியால் பற்றிக்கொண்டு நிற்கும். அதற்குக் கண் சரியாகத் தெரியாது என்று எனக்குத் தெரியும். காலடி அதிர்வுக்கு வருகிறது. என்றாலும் கதைத்தேன். ஆழ்வாப்பிள்ளையோடு கதைத்ததைவிடக் கூடக் கதைத்தேன். அந்த மனிதர் பதில் சொல்லி ஆத்திரமூட்டுவார்.

நானா ஒருமுறை வந்து பார்த்தார். நேரே கிணற்றடிக்குப் போய், வாளியால் அள்ளி, ஒரு மிடறு எடுத்துத் துப்பினார். மழைக்குப் பிறகு உவர் குறையும், உப்பை அரைப்பிடி கூட்டுங்கோ என்றார். பவுசர்த் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். தொட்டிக்கு முன்னால் இருந்து குடித்தார். அவருடைய முகம் அன்றுபோல் இளகி நான் கண்டதில்லை.

மார்கழியில் விசா வந்தது. தைமாதக் கடைசிக்கு டிக்கெட்.

சொல்லத்தான் போனேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் எழுதவேண்டும்: அன்று அவருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் பஸ் ஏறினேன். வேண்டுமானால் நான் திரும்பி வரும்வரை மீனை அவரே வைத்திருக்கட்டும், என் கிணற்றுத் தண்ணீரைக் கானில் அனுப்ப ஒழுங்கு பண்ணலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

கடையில் ஒருவரும் இல்லை. அவர் பின்வளவுக் கிணற்றடியில் நின்று உள்ளே தவிட்டுத் தூள் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கிணறு நிறையக் குட்டி மீன்கள். சாம்பல் நிறம், ஒரு அழகும் இல்லை.

"உதென்ன நானா, நுளம்பு பெருகாமல் இருக்க விட்டதோ?"

"கப்பி மீன், ரீச்சர். தொண்ணூறிலை நான் விட்டது. அதுகளின்ரை பிள்ளை, பேரப்பிள்ளை. நிறமெல்லாம் போட்டுது. வால் மட்டும் இன்னும் என்ரை சாதி வால்தான்."

இந்த வளவில்தான் அவர் பிறந்தார். வாப்பா தையல்காரர், மகன் இருபத்தொரு வயதில் பதினாலு தொட்டி வைத்து மீன் குஞ்சு விற்றவர். தொண்ணூறு ஐப்பசியில், முஸ்லிம்கள் இருந்த சோனகத்தெருவுக்கு ஆயுத இயக்கத்தின் ஒலிபெருக்கி வந்தது. எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளிக்கிடவேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் வாப்பா தையல் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, இவர் தொட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கிணற்றுக்குள் கவிழ்த்திருக்கிறார். ஒரேயொரு மீனை மட்டும் ஹோர்லிக்ஸ் போத்தலில் விட்டு மடிக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். வழியில் சோதித்தவர்கள், அடியில் நகை இருக்கிறதா என்று அந்தப் போத்தலை வீதியில் ஊற்றிப் பார்த்தார்கள். புத்தளத்தில் கொட்டிலில் இருபது வருடம். கலியாணம், பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் மீன் இருந்தது. மனைவி சஜீதா இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் புத்தளத்துக்கே போய்விட்டார். பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். மாதம் ஒருமுறை இவர் போய் வருவார்.

இவ்வளவையும் அவர் எனக்குச் சொன்னது வேறு ஒன்றைச் சொல்வதற்காக.

"தம்பிராசா எண்டு ஒரு கூட்டாளி. ஒரே வகுப்பு. தொட்டிக் கண்ணாடி எல்லாம் ரண்டு பேருமாத்தான் ஒட்டினது. முதல்நாள் பின்னேரம் வந்தான், ரீச்சர். இந்தா, உந்தக் கல்லிலைதான் இருந்தவன். ஒரு மணித்தியாலம் இருந்தான். ஒண்டும் கதைக்கேல்லை. எழும்பிப் போகேக்கை, 'கவனமா இரு' எண்டு சொல்லிப்போட்டுப் போனான். அவ்வளவுதான்."

"அவருக்கு முதலே தெரியுமோ?"

"அதுதான் எனக்கும் தெரியாது. தெரிஞ்சுதான் வந்தவனோ, சும்மா வந்தவனோ. அவன் இப்ப இல்லை, கேக்கவும் ஏலாது. போகச் சொன்னது ஆரோ, ரீச்சர். அவையளை நான் மறந்துபோவன். ஆனால் தம்பிராசா ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், எனக்கு ஒரு இரவு கிடைச்சிருக்கும். உம்மாவின்ரை மருந்தை எடுத்திருப்பன். மீனை ஒவ்வொருத்தரிட்டையும் குடுத்திருப்பன், என்னத்தைப் போடவேணும், என்ன தண்ணி விடவேணும் எண்டு சொல்லிக் குடுத்திருப்பன். ஒரு சொல்லு."

அவர் குரல் உயரவே இல்லை. தவிட்டுப் பேணியை மூடிக்கொண்டே சொன்னார்.

நான் அந்தக் கல்லில்தான் இருந்தேன்.

சொல்லியிருக்கவேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் அந்தக் கதையைக் கேட்ட பிறகு, "நானும் போகிறேன், அன்றைக்கே பொய்தான் சொன்னேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? வித்தியாவின் அழுகை ஒரு பக்கம், ஆழ்வாப்பிள்ளையின் படம் ஒரு பக்கம். நாளைக்குப் போனில் சொல்லுவோம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கூனித்தூள் இரண்டு பைக்கட் வாங்கினேன். படியிறங்கும்போது ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது.

"கவனமா இருங்கோ, நானா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பஸ்சுக்கு நடந்தேன்.

போனில் சொல்லவில்லை. வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம்தான் பக்கத்து வீட்டு அருந்ததிக்கு வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். நல்ல மனுசி, இடியப்பம் அவித்தாலும் எனக்கு ஒரு தட்டு மதிலுக்கு மேலால் வரும். பெட்டி கட்டி முடியவில்லை, வான்காரன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். அந்த அவதியில் கூனித்தூளைக் காட்டினேன். எவ்வளவு போடவேண்டும் என்று காட்டினேன். "கிழமைக்கு ஒருக்கா அரைவாசித் தண்ணி மாத்தும்" என்றேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. உப்பைப் பற்றியும் சொல்லவில்லை. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போயிருந்தது. அவளுக்குச் சொல்லவேண்டும் என்பதே மனதில் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், அவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியிருப்பாள்.

கனடாவில், வித்தியா இருக்கும் பிரம்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பத்தாம் நாள் அருந்ததி அழைத்தாள். குரல் அடைத்திருந்தது.

"ரீச்சர், மீன் செத்துப்போச்சு. நான் ஒரு குறையும் வைக்கேல்லை, ரீச்சர். நீங்கள் சொன்னது கிழமைக்கு ஒருக்கா. அது சோர்ந்துபோய்க் கிடக்கப் பாவமா இருந்தது, ஒண்டுவிட்ட ஒரு நாள் மாத்தினனான். உங்கடை சவர்த் தண்ணி கூட விடேல்லை. எங்களுக்கு வந்த பவுசர்த் தண்ணியிலை, குடிக்கிற தண்ணியிலை மிச்சம்பிடிச்சு விட்டனான்."

நான் போனைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தேன். அவள் தன் பிள்ளைகளின் குடிதண்ணீரை என் மீனுக்கு ஊற்றியிருக்கிறாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிதாக ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய மரியாதை கிடையாது. அந்த நல்ல தண்ணீர்தான், அதில் கலந்த குளோரினோடு சேர்ந்து, அதைக் கொன்றது.

"மீன்கடை நானா நேத்து வந்தவர், ரீச்சர். உங்களைத் தேடித்தான். பூட்டிக் கிடக்கக் கண்டு என்னட்டைக் கேட்டவர். நீங்கள் கனடாவிலை எண்டவுடனை நேரை உள்ளுக்குப் போனவர். தொட்டியைப் பாத்தவர், பாத்துப்போட்டு ஓடிப்போய்க் கிணத்திலை அள்ளி அள்ளி, வாயிலை வைச்சு வைச்சுப் பாத்துக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தினவர். நான் உப்பும் எடுத்துக் குடுத்தனான். கடைசி பஸ் வரைக்கும் அதுக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டவர். தப்பேல்லை. நான் அழ, 'உங்களிலை பிழை இல்லைத் தங்கச்சி, அதுக்கு வயசு போட்டுது' எண்டு சொன்னவர். வயசான மீனோ, ரீச்சர்?"

"ஓம்" என்றேன். "வயசு போன மீன்தான்."

அது இரண்டாவது பொய். இந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். அடுத்த அறையில் வித்தியா புதிதாய்ப் பிறந்த பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை பார்க்காமல் போன பேரன் என் முதுகில் வந்து சாய்ந்தான். அழவும் முடியவில்லை.

ஐந்து மாதம் இருந்தேன். ஒரு நாளும் நானாவுக்குப் போன் எடுக்கவில்லை. இலக்கத்தை எடுத்து எடுத்து வைத்தேன். எழுதிப் பார்த்தேன், எழுதியதெல்லாம் நான் திருத்திய பரீட்சைத் தாள்களில் பிள்ளைகள் எழுதும் சாட்டுப்போக்குகள்போல இருந்தன.

திரும்பி வந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். கையில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெறுங்கையோடு அந்தப் படியில் ஏற முடியவில்லை.

"வாங்கோ ரீச்சர்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். "இருங்கோ. மகள் சுகமே? பிள்ளை என்ன பிள்ளை?"

அவர் ஒருநாளும் என்னை வாங்கோ என்று சொன்னதில்லை. எந்தக் கிணறு, உப்புப் போட்டனீங்களோ, வால் எப்பிடி என்றுதான் கேட்பார். இப்போது ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதைக் கேட்டார். அந்தக் கதிரையில் இருக்க எனக்குக் கூசியது.

"நானா, நான் பொய் சொல்லிப்போட்டன். மீன் வாங்கேக்கையே விசாவுக்குப் போட்டிருந்தனான். பிறகு சொல்லத்தான் வந்தனான். அண்டைக்கு, அந்தக் கல்லிலை இருக்கேக்கை…"

"விளங்குது, ரீச்சர்."

"கண்ணூறு எண்டு…"

"ஓம். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். தம்பிராசாவுக்கும் இருந்திருக்கும்."

ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து, உணவு தூவி, மூடினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். "அண்டைக்கு நீங்கள் 'கவனமா இருங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போனியள். அது எனக்கு மண்டைக்குள்ளை நிண்டுகொண்டே இருந்தது. நித்திரை வரேல்லை. சீ, ரீச்சர் அப்பிடி இல்லை எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் தப்பியிருக்கும். உங்களை நம்பினதாலைதான் பிந்திப்போச்சு."

திட்டியிருக்கலாம். கதிரையைத் தூக்கி எறிந்திருக்கலாம். நான் அதற்கெல்லாம் ஆயத்தமாக வந்திருந்தேன், இதற்கு ஆயத்தமில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். 

அழுது முடிந்ததும் போத்தலை நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒருக்கா வாயிலை வைச்சுப் பாருங்கோ, நானா. மழைக்குப் பிறகு மாறியிருக்கோ எண்டு…"

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியில் விரலை வைத்தார்; திறக்கவில்லை. திரும்ப என் மடியில், பிள்ளையை வைப்பதுபோல, மெதுவாக வைத்தார்.

"தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை, ரீச்சர்" என்றார்.

வாசல் வரை வந்து என்னை அனுப்பிவைத்தார். பஸ் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் அவர் வெயிலில் என்னோடு நின்றார்.